இருபது வளைவு ஏறி, மூன்று படியில் நின்றவனின் மடல்

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையிலும் அதன் அடிவாரத்திலும் காட்சிமுனை, பூங்கா, படகுத்துறை, காட்டுப்பாதை என்று ஏதோ ஒன்றைப் பொறுப்பில் வைத்திருக்கும் வனத்துறை, சுற்றுலாத் துறை, தோட்டக்கலைத் துறை அதிகாரிகளுக்கும் உள்ளாட்சி நிர்வாகத்தாருக்கும்,

வணக்கம்.

நான் சேலம் சிவதாபுரத்தில் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 46. இரண்டு வயதில் போலியோ வந்ததில் இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. வீட்டுக்குள் சக்கர நாற்காலி, வெளியே போக பின்பக்கம் கூடுதலாக இரண்டு சக்கரம் வைத்த ஸ்கூட்டர். மனு எழுதி எழுதிக் கை பழகியவன் நான். உதவித்தொகைக்கு, வண்டிக்கு, அடையாள அட்டைக்கு என்று எத்தனையோ எழுதியாயிற்று. எனக்கென்று தனியாக எதுவும் கேட்காமல், என் மாதிரி ஆட்களும் வயதானவர்களும் இந்த மலையைச் சுற்றிப் பார்க்க வழி செய்யுங்கள் என்று எழுதும் முதல் கடிதம் இது. அதனால் ஊரே படிக்கட்டும் என்று திறந்த மடலாக எழுதுகிறேன்.

பட்டறை வாசலுக்கு வந்தாலே ஏற்காட்டு மலை கண்ணில் படும். மேகம் இறங்கியிருக்கிறதா என்று அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அம்மா வடாம் பிழிய உட்காருவார். ஏழு வயதில் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு லேடீஸ் சீட் காட்சிமுனைக்குப் போனார். இருட்டிய பிறகு கீழே சேலம் முழுக்க விளக்கு. கொலுசு மணியைத் தட்டோடு கொட்டிவிட்ட மாதிரி இருந்தது. "அதோ, அந்த மூலையிலதான் கண்ணு நம்ம வீடு" என்று அப்பா கை காட்டினார். எந்த மூலை என்று எனக்குப் புரியவில்லை, ஆனால் தெரிகிறது என்று சொன்னேன். அப்பா இப்போது இல்லை. இருந்தாலும் 46 வயது மகனைத் தோளில் தூக்க முடியுமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன தை மாதம், பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை குடும்பத்தோடு மலைக்குப் போனோம். மச்சானுடைய ஆம்னி வேனில் அம்மா, தங்கச்சி, அவள் மகள், என் நண்பர் ஒருவர், மடக்கி வைத்த என் நாற்காலி. நண்பருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது, வங்கியில் வேலை பார்க்கிறார். நான் என் ஸ்கூட்டரில். வேனில் இடம் இல்லை என்பது சாக்கு. அந்த இருபது கொண்டை ஊசி வளைவையும் நானே ஓட்டி ஏற வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

சக்கரம் கூட்டிய ஸ்கூட்டரில் மலை ஏறுவது தனி வித்தை. சாதாரண வண்டி வளைவில் தானாகச் சாயும். எங்கள் வண்டி சாயாது, உடம்பை நாம்தான் உள்பக்கம் தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். எதிரே பஸ் இறங்கும்போது அது எழும்பினால் வயிறு கலங்கும். பத்தாவது வளைவுக்கு மேல் காற்று மாறியது. வெயில் அப்படியே இருக்க, காதுக்குப் பின்னால் மட்டும் குளிர்ந்தது. வழியில் ஒரு வளைவில் உட்கார்ந்திருந்த குரங்கு என் வண்டியின் பின்சக்கரங்களை முறைத்துப் பார்த்தது, பழக்கப்பட்ட வண்டிகளின் கணக்கில் நான் சேரவில்லை போலிருக்கிறது. மேலே களத்தில் காபிப்பழம் காய்ந்துகொண்டிருந்தது. வண்டியை அணைத்தபோது கை இரண்டும் நடுங்கின. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

வாசலில் மூன்று படி.

எந்த இடம் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் அந்த ஒரு வாசலில் மட்டும் இரண்டு மூட்டை சிமெண்டைக் கொட்டிப் பூசிவிட்டு கோப்பை மூடிவிடுவீர்கள். திட்டு எல்லாம் அங்கே டிக்கெட் கிழிக்கும் பையனுக்குப் போகும். மூன்று படி என்பது ஓர் இடத்தின் கதையும் இல்லை. ஓரிடத்தில் மூன்று, இன்னோரிடத்தில் ஒன்று, வேறோரிடத்தில் வண்டி நுழையாமல் இருக்க நட்டுவைத்த இரும்புக் குழாய்.

என் தொழிலில் அளவு தப்பினால் பூட்டு மாட்டாது. அதனால் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன டேப் இருக்கும். படியை அளந்தேன், அதாவது மச்சான் குனிந்து அளக்க, நான் எண்ணைப் படித்தேன். முதல் படி 7 அங்குலம், இரண்டாவது ஆறரை, மூன்றாவது 8. மூன்றும் மூன்று விதம். நடக்கிறவர்களுக்கே இது ஆபத்து, கால் முந்தைய படியின் உயரத்தை நினைவு வைத்துக்கொண்டுதான் அடுத்ததில் ஏறும். கூட்டினால் 21.5 அங்குலம். சாய்தளத்துக்குச் சொல்லப்படும் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு: ஓர் அங்குலம் ஏற 12 அங்குல நீளம். அதாவது இந்த வாசலுக்கு இருபத்தொன்றரை அடியில் ஒரு சாய்தளம் போதும். படிக்கு இடதுபக்கச் சுவரை ஒட்டி, ஏறக்குறைய அதே நீளத்துக்குக் குரோட்டன்ஸ் தொட்டிகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். குரோட்டன்ஸுக்கு இருந்த இடம்.

நாங்கள் டேப்பை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து நான்கு கல்லூரிப் பையன்கள் ஓடி வந்தார்கள். "அண்ணா, தூக்கிடலாமா?" நல்ல பிள்ளைகள், இன்னும் நன்றாக இருக்க வேண்டும். ஆனால் தூக்குகிறவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. என் நாற்காலியின் கைப்பிடி கழற்றி மாட்டும் வகை. அதைப் பிடித்துத் தூக்கினால் கைப்பிடி அவர்கள் கையிலும் நாற்காலி என்னோடு தரையிலும் இருக்கும். "சட்டத்தப் புடிங்க தம்பி, கைப்பிடிய இல்ல" என்று சொல்லிக்கொண்டே மூட்டை மாதிரி மேலே போனேன். சுற்றி இருந்தவர்களில் பாதிப் பேர் பாவமாகப் பார்த்தார்கள். ஒருவர் போனில் வீடியோ எடுத்தார். இருபது வளைவு ஓட்டி வந்த கெத்து எல்லாம் மூன்று படியில் இறங்கிவிட்டது.

மேலே போனால் காட்சிமுனையில் கைப்பிடிச் சுவர். அதையும் அளந்தோம்: 48 அங்குலம். நாற்காலியில் உட்கார்ந்தால் என் கண் தரையிலிருந்து 45 அங்குலத்தில் இருக்கும். நான் பார்த்தது சிமெண்ட். அதில் ஆணியால் கீறிய இரண்டு பெயரும் ஓர் அம்பும். பக்கத்தில் ஆறு வயதுத் தங்கச்சி மகள் நுனிக்காலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, ஒண்ணுமே தெரியல" என்றாள். அவள் அப்பா அவளைத் தூக்கிக் காட்டினான்.

இதற்குப் பெரிய பணம் வேண்டாம். சுவரில் ஓர் ஆறடி நீளத்தை மட்டும் உடைத்துவிட்டு அதே உயரத்துக்குக் கம்பி போட்டால் போதும். குழந்தையின் தலை நுழையாத அளவுக்கு நெருக்கமான நெடுக்குக் கம்பி. குறுக்குக் கம்பி வேண்டாம், பிள்ளைகள் அதில் ஏறிவிடும். பாதுகாப்பு குறையாது, பள்ளத்தாக்கு மட்டும் தெரியும்.

அம்மா மேலே வரவே இல்லை. "நான் இங்கயே உக்காந்துக்கறேன் கண்ணு, நீங்க போய்ட்டு வாங்க" என்று வேனிலேயே இருந்துவிட்டார். மூட்டுவலி. நடக்க முடியாது என்று இல்லை, நாற்பது ஐம்பது அடிக்கு ஒருமுறை உட்கார வேண்டும். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து வாசல் வரைக்கும் உட்கார ஒரு திண்டுகூட இல்லை. உள்ளே இருந்த பெஞ்சுகள் சாய்மானமும் கைப்பிடியும் இல்லாத சிமெண்ட் பலகைகள். முட்டி போனவர்களுக்கு உட்காருவதைவிட எழுந்திருப்பதுதான் கஷ்டம், ஊன்றி எழ ஒரு கை வேண்டும். பெஞ்சில் இரண்டு பக்கமும் ஒரு வளைந்த கம்பியைப் பற்றவைத்தால் தீர்ந்தது, வெல்டிங் கடைக்காரருக்கு அரை நாள் வேலை.

அம்மா வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை அவர் சொல்லவில்லை, தங்கச்சிதான் அப்புறம் சொன்னாள். மலைக்குப் போகிறோம் என்றாலே அம்மா காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டார். போன இடத்தில் கழிப்பறை எப்படி இருக்குமோ என்ற பயம். இந்தக் கடிதத்தைப் படிக்கிற பெண்கள் எல்லாருக்கும் இது தெரியும். அன்று நாங்கள் பார்த்த கழிப்பறையில் சக்கர நாற்காலிப் படம் வரைந்த கதவு ஒன்று இருந்தது. பூட்டு. சாவி யாரிடமோ இருந்தது, அந்த யாரோ சாப்பிடப் போயிருந்தார். வந்து திறந்தபோது உள்ளே விளக்குமாறு, பினாயில் கேன், பழைய பேனர், உடைந்த குப்பைத்தொட்டி. திறந்துவிட்டவருக்கே கூச்சமாகிவிட்டது. "யாரும் வர்றதில்லீங்களே அண்ணா, அதான்..." என்றார்.

அந்த வாக்கியத்தை யோசித்துப் பாருங்கள். யாரும் வருவதில்லை என்பதால் பூட்டி வைக்கிறார்கள், பூட்டியிருப்பதால் யாரும் வருவதில்லை. அதிகாரிகள் கூட்டத்தில் இதே வாக்கியம் கொஞ்சம் கௌரவமாக வரும்: "இதற்கெல்லாம் பயனாளிகள் எத்தனை பேர்?" 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரத்துச் சொச்சம். ஆனால் அந்த எண்ணிக்கையை மட்டும் வைத்து நான் வாதாட விரும்பவில்லை. போலியோ இல்லாத நாடு என்று இந்தியாவுக்குச் சான்று கிடைத்தது 2014-இல். என் மாதிரிக் கால்கள் எங்கள் தலைமுறையோடு முடிந்துவிடும், நல்லதுதான். என் அம்மா மாதிரி முட்டிகள் முடியாது, கூடிக்கொண்டேதான் போகும். இடுப்பு ஆபரேஷன் ஆனவர், பக்கவாதம் வந்து தேறியவர், ஏழு மாதக் கர்ப்பிணி, கைக்குழந்தையோடு வருகிறவர், போன வாரம் வண்டியிலிருந்து விழுந்து மாவுக்கட்டுப் போட்ட இருபது வயதுப் பையன், எல்லாருக்கும் அந்தச் சாய்தளமும் கைப்பிடியும் வேண்டியிருக்கும்.

இனி என் நண்பர் கதை. அவரைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போகிறோம் என்றதும் தெருவில் ஒருவர் கேட்டார், "அவருக்கு அங்க என்னங்க இருக்கு, பாக்கவா போறாரு?" நண்பர் சிரித்துக்கொண்டார். அன்று எங்கள் கூட்டத்தில் மலையை முழுசாக அனுபவித்தவர் அவர் ஒருவர்தான். பாதையோரம் ஒரு சில்வர் ஓக் மரம், அதைச் சுற்றி மிளகுக்கொடி. மரத்தைத் தடவினார், பட்டையின் நெடுக்கு வெடிப்புகளில் விரலை ஓட்டினார், கொடியின் வேர் மரத்தைப் பற்றியிருக்கும் கணுவை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். ஓர் இலையைக் கசக்கி மோந்தார். "இது காரமாவே இல்லையே" என்றார். அப்புறம் கையை உயர்த்தி எங்களை அமைதியாக இருக்கச் சொன்னார். ஒரு சின்னான் குருவி கூப்பிட்டது, தூரத்திலிருந்து இன்னொன்று பதில் சொன்னது. நாங்கள் அதுவரை அந்தச் சத்தத்தைக் கேட்கவே இல்லை, செல்பி எடுத்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் இதை அவராகத்தான் தேடிக்கொண்டார். அங்கே இருந்த பலகையில் மரத்தின் பெயர், மலையின் உயரம், பறவைப் படங்கள் எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால். தமிழ் பிரெயிலில் நான்கு வரி, தொட்டுப் பார்க்க மலையின் சின்ன மாதிரி ஒன்று, பாதையோரத்தில் கைக்கு எட்டும் உயரத்தில் வழிகாட்ட ஒரு கயிறு, அதில் நிற்க வேண்டிய இடங்களில் ஒரு முடிச்சு இருந்தால் போதும். கயிறு என்றுதான் சொல்கிறேன், கிரானைட் அல்ல. காபி பூக்கும் பருவத்தில், கோடை மழை ஒன்று பெய்த பிறகு தோட்டமே மல்லிகைப்பூப் போல மணக்கும். அந்தச் சில நாளில் பார்வையற்ற பள்ளிப் பிள்ளைகளை ஒரு பஸ் நிறையக் கூட்டிவந்தால் என்ன?

சட்டம் என்ன சொல்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தாலும் மற்றவர்களும் படிப்பதால் ஒரு வார்த்தை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் வந்தது. பொழுதுபோக்கில் எங்களுக்குச் சம பங்கு உண்டு என்று அதன் 29-ஆம் பிரிவு சொல்கிறது. திறந்தவெளி முகாம்களையும் சாகசச் செயல்களையும்கூடப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இருக்கிற பொதுக்கட்டடங்களை எல்லாரும் நுழையும்படி மாற்ற ஐந்தாண்டு அவகாசம் கொடுத்தது. விதிகள் 2017 ஜூனில் வந்தன, அவகாசம் 2022-லேயே முடிந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லாரும் நுழைவதற்கான இந்த அளவுகளை வெறும் வழிகாட்டுதலாக வைத்திருக்கக் கூடாது, கட்டாய விதியாக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. இவ்வளவுதான். சட்டத்தைக் காட்டி மிரட்டுவது என் நோக்கமில்லை, சட்டம் இருந்தும் வாசலில் குரோட்டன்ஸ் இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

உங்களில் சிலருக்கு, முக்கியமாக வனத்துறையில் இருப்பவர்களுக்கு, ஒரு பயம் இருக்கலாம். எல்லாரும் வர வசதி என்று ஆரம்பித்தால் காட்டை சிமெண்டால் மெழுக வேண்டிவரும் என்று. அந்தப் பயம் எனக்கும் உண்டு. கிளியூர் அருவிக்குச் சாய்தளம் போடுங்கள் என்று நான் கேட்கவே மாட்டேன். அந்த இறக்கத்தில் ஒன்றுக்குப் பன்னிரண்டு கணக்கில் பாதை போட்டால் மலையைப் பாதி வெட்ட வேண்டும். அருவியை நான் போட்டோவில் பார்த்துக்கொள்கிறேன். மலையில் எல்லா இடத்துக்கும் எல்லாரும் போக முடியாது. ஆனால் தடுப்பது மலையாக இருந்தால் எங்களுக்கு வருத்தம் இல்லை. கொத்தனார் மறந்த வேலை தடுத்தால்தான் ஆத்திரமாக வருகிறது.

இந்தச் சிக்கலை மற்றவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று தேடிப் பார்த்தேன். அமெரிக்க வனத்துறை காட்டுப்பாதைகளுக்கென்றே தனி அளவுகள் வைத்திருக்கிறது. கட்டடத்துச் சாய்தளத்தின் கணக்கை அப்படியே காட்டில் போடாதே என்பதுதான் அதன் அடிப்படை. இருபதுக்கு ஒன்று என்ற மென்மையான ஏற்றமாக இருந்தால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். பன்னிரண்டுக்கு ஒன்று என்றால் 200 அடிக்குள் இளைப்பாற ஒரு சமதளம் வேண்டும். பத்துக்கு ஒன்று என்றால் 30 அடி, எட்டுக்கு ஒன்று என்றால் பத்தடிதான். அகலம் மூன்றடி போதும். தரை மண்ணாகவே இருக்கலாம், இறுகி இருக்க வேண்டும், சக்கரம் புதையக் கூடாது. இடத்தின் இயல்பே மாறிவிடும் என்றால் அங்கே போடத் தேவையில்லை என்றும் அதிலேயே இடம் விட்டிருக்கிறார்கள்.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது பாதையின் தொடக்கத்தில் வைக்கும் பலகை. பாதை எவ்வளவு நீளம், தரை மண்ணா கல்லா, அகலம் எவ்வளவு, ஏற்றம் எவ்வளவு, பக்கவாட்டுச் சரிவு எவ்வளவு என்று எழுதிவிடுகிறார்கள். "உங்களால் முடியாது" என்றோ "எல்லாருக்கும் ஏற்றது" என்றோ எழுதுவதில்லை. போகலாமா வேண்டாமா என்பதை வந்தவர் முடிவு செய்துகொள்வார். இந்த மடலில் நீங்கள் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். செலவு ஒரு பலகை, ஒரு டேப், ஒரு நாள். வாசலில் மூன்று படி, மொத்தம் 21.5 அங்குலம், உள்ளே 180 அடி தூரம், தரை பேவர் பிளாக், கழிப்பறைக் கதவு அகலம் இவ்வளவு, சாவி இன்னாரிடம் என்று வாசலிலும் வலைத்தளத்திலும் நிஜத்தை எழுதிவிடுங்கள். வீட்டிலிருந்தே தெரிந்துகொண்டு கிளம்புவோம். அன்று எனக்கு அது தெரிந்திருந்தால் மச்சான் பட்டறையிலிருந்து இரண்டு பலகையை வேனில் போட்டுக்கொண்டு வந்திருப்பான்.

தரை என்றதும் இன்னொன்று. அரசுப் பணம் வந்தால் முதலில் டைல்ஸ் ஒட்டும் பழக்கம் நமக்கு எப்படியோ வந்துவிட்டது. ஏற்காட்டு மழைக்கும் நிழலுக்கும் டைல்ஸும் வழவழ கான்கிரீட்டும் ஒரு பருவத்தில் பாசி பிடித்துவிடும். ஊன்றுகோலின் ரப்பர் அதில் சோப்பு மாதிரி வழுக்கும். பேவர் பிளாக் புதிதில் நன்றாக இருக்கும், மரவேர் தூக்கிவிட்ட பிறகு ஒவ்வொரு கல்லும் ஒரு படி. கிராவல் மண்ணைக் கல்தூளோடு கலந்து, நனைத்து, ரோலர் விட்டு இறுக்கி, ஓரத்தில் தண்ணீர் வடிய வழி விட்டாலே சக்கரம் போகும். எந்த இடத்தில் மழைத்தண்ணீர் பாதையை அறுக்கும் என்று இன்ஜினியர் வரைபடத்தில் இருக்காது. அங்கேயே தலைமுறையாக வாழும் மலையாளிப் பழங்குடி மக்களைக் கேட்டால் ஓடைக்கு ஓடை சொல்வார்கள். பராமரிப்பு வேலையையும் அவர்களுக்கே கொடுக்கலாம்.

பராமரிப்பு என்ற சொல்லைச் சும்மா சேர்க்கவில்லை. சென்னை மெரினாவில் சக்கர நாற்காலிகள் கடலருகே போக மரப்பாதை ஒன்று 2022 நவம்பர் கடைசியில் திறந்தார்கள். வாழ்க்கையில் முதல்முறை அலையை அவ்வளவு பக்கத்தில் பார்த்தவர்கள் அழுததைச் செய்தியில் பார்த்து நானும் அழுதேன். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயல் வந்து ஒரு பகுதியைப் பிய்த்துப் போட்டது. அப்புறம் சரிசெய்தார்கள். போட்டது பெரிதா, புயலுக்குப் பிறகு திரும்பவும் போட்டது பெரிதா என்று கேட்டால், எனக்கு இரண்டாவதுதான் பெரிது. நம் மலையிலும் வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு யாராவது ஒருவர் பாதையை நடந்து, இல்லை உருண்டு, பார்க்க வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று கேட்பீர்கள். இயற்கையே சமமாக விட்டிருக்கும் இடங்களில் தொடங்குங்கள். ஏரிக்கரை ஒன்று. படகில் ஏறும் இடத்தில் துறையும் படகும் ஒரே மட்டத்தில் நின்றால், நடுவில் ஒரு பலகை போட்டால், நானும் படகில் ஏறுவேன். அண்ணா பூங்காவில் மே மாதம் கோடை விழா மலர்க்கண்காட்சி நடக்கும்போது காலையில் ஒரு மணி நேரம் கூட்டத்துக்கு முன்பாக எங்களை உள்ளே விடலாம். கூட்டத்தில் நாற்காலியிலிருந்து தெரிவது மற்றவர்களின் இடுப்பு மட்டும்தான்.

அடிவாரத்துக் குரும்பப்பட்டி வன உயிரியல் பூங்காவில் மலை ஏறவே தேவையில்லை. புள்ளிமானும் மயிலும் பார்க்க மூன்றடி அகலத்தில் இறுகிய பாதையும் தாழ்ந்த பார்வைக் கம்பியும் அங்கே எளிதாக அமையும். என் அம்மாவுக்கு அதுவே போதும், ஏற்காடு வரை வரவேண்டாம் என்பார்.

அப்புறம் சேர்வராயன் கோவில் இருக்கும் மலையுச்சி. சுமார் 1,620 மீட்டர் உயரத்தில், உச்சியே மேசை மாதிரி அகன்ற சமவெளி. குகைக்குள் நான் நுழைய முடியாது, குனிந்து போகிறவர்களுக்கே இடிக்கும். சேர்வராயனும் காவேரியம்மனும் அதைப் புரிந்துகொள்வார்கள். ஆனால் வெளியே அந்தப் புல்வெளியில், காற்றில், நாற்காலியைத் தானாக உருட்டிக்கொண்டு போக ஒரு 300 அடிப் பாதை கிடைத்தால் நான் வருஷத்துக்கு நான்கு முறை வருவேன்.

2024-இல் தமிழக அரசு 40 மலையேற்றத் தடங்களை அறிவித்தது. அதில் நம் சேலம் மாவட்டமும் உண்டு. எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். நாலாவதாக ஒரு வகை சேருங்கள். பெயர் நானே வைத்துத் தருகிறேன்: உருள்தடம். அரை கிலோமீட்டர் போதும். காட்டுமாடு வந்தால் எங்களால் ஓட முடியாதே என்று கவலைப்படாதீர்கள். வந்தால் உங்களாலும் ஓட முடியாது. கூட வரும் வழிகாட்டிக்குத் தெரிய வேண்டியதெல்லாம் தூரத்திலேயே பார்த்து நிற்கச் சொல்வதுதான், அது எல்லாக் குழுவுக்கும் பொதுவான பாடம்.

வரவேற்பு என்பது சாய்தளத்தில் முடிந்துவிடுவதும் இல்லை. டிக்கெட் கவுண்டரில் என்னிடம் கேட்காமல் மச்சானிடம் "இவருக்கும் சேத்தா சார்?" என்று கேட்கிறார்கள். என் வாய்க்குப் போலியோ வரவில்லை. நண்பரிடம் பேசும்போது ஏனோ எல்லாரும் சத்தமாகப் பேசுகிறார்கள், அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். வேலைக்குச் சேரும் ஆட்களுக்கு அரை நாள் பயிற்சி போதும். பயிற்சி கொடுக்க எங்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள், பவர்பாயிண்ட் வேண்டாம். முதல் பாடம்: தொடுவதற்கு முன் கேள். இரண்டாவது: கைப்பிடியைப் பிடித்துத் தூக்காதே.

உங்களுக்குள் உள்ள சிக்கலும் எனக்குத் தெரியும். ஏரிப்படகு ஒரு துறை, பூங்கா ஒரு துறை, காடு ஒரு துறை, கோவில் ஒரு துறை, ரோடு ஒரு துறை. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து வாசல் வரை உள்ள அறுபது அடி யாருடையது என்பதில்தான் பாதி வேலை நிற்கும். சக்கரத்துக்கு அந்த எல்லை தெரியாது. மாவட்ட ஆட்சியர் ஒருநாள் உங்கள் எல்லாரையும் ஒரே வேனில் ஏற்றி, அடிவாரத்திலிருந்து மலை உச்சி வரை ஒவ்வோர் இடமாக, எங்களில் நான்கைந்து பேரோடு போய்ப் பார்க்கச் சொன்னால் நன்றாக இருக்கும். ஒருவர் சக்கர நாற்காலியில், ஒருவர் வெள்ளைக் கோலோடு, காது கேளாத ஒருவர், மூட்டுவலிக்கு என் அம்மா. உங்களில் ஒருவர் ஒரு மணி நேரமாவது என் நாற்காலியில் உட்கார்ந்து வாருங்கள். உங்கள் கண்ணும் 45 அங்குலத்துக்கு இறங்கும், சுவரில் எழுதியிருக்கும் காதலர் பெயரை நீங்களும் படிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பட்டறை லீவு. எந்த ஞாயிறு என்று சொன்னால் காலை ஏழு மணிக்கு அடிவாரத்தில் நிற்பேன். டேப் என்னிடம் இருக்கிறது. குரோட்டன்ஸ் தொட்டியை நகர்த்த ஆள் வேண்டுமென்றால் மச்சானும் வருவான்.

இப்படிக்கு,
சிவதாபுரத்துக் கொலுசுப் பட்டறைக்காரன்